பெரிய குடிநீர்க் குழாய் வலையை எளிமையாக்குவது எப்படி? அளவை வைத்து வெட்டாதீர்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நகராட்சியின் பகிர்மானக் குழாய்கள் முழுவதையும் ஜி.ஐ.எஸ். என்னும் கணினி வரைபடத்திலிருந்து எடுத்து, குழாய் வலையின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் ஈபாநெட் மென்பொருளில் ஏற்றியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 6,000 குழாய்கள், 7 மேல்நிலைத் தொட்டிகள். ஓட்டிப் பார்த்தால் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை, பாதி ஊரில் எதிர்மறை அழுத்தம். "150 மி.மீ.க்குக் கீழே உள்ளதையெல்லாம் நீக்கிவிட்டால் சரியாகிவிடுமா, இல்லை வேறு முறை இருக்கிறதா?" என்று கேட்கிறீர்கள்.

முறை இருக்கிறது. குழாய்களை நீக்கவும் செய்யலாம். ஆனால் அளவை வைத்து நீக்காதீர்கள். அந்தக் குழாய் இல்லாவிட்டால் தண்ணீர் வேறு எந்த வழியாகப் போகும் என்று பார்த்து நீக்குங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்ய, வலை என்பது உள்ளுக்குள் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், உங்கள் எதிர்மறை அழுத்தத்துக்குக் காரணம் வலை பெரிதாக இருப்பது அல்ல. இன்றைய சாதாரண மடிக்கணினியே பத்தாயிரம் குழாய்களைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். கணினியின் சுமையைக் குறைக்க எளிமையாக்கிய காலம் போய்விட்டது. இன்று நாம் எளிமையாக்குவது நமக்காக: எந்தக் குழாய் ஊரைத் தாங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், களத்தில் அளந்து சரிபார்க்கும் அளவுக்கு, வலையின் கணினி மாதிரி கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். உகந்த குழாய் அளவைத் தேடும் நிரல்கள் ஒரே வலையை லட்சம் முறை ஓட்டும். அங்கு மட்டும் நேரமும் ஒரு காரணம்.

"பெரிய வலை" என்றால் எதை வைத்துப் பெரியது என்கிறோம்? வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு வரும் குழாய்வழி சுமார் 230 கிலோமீட்டர் நீளம், நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் கொண்டுவர அமைக்கப்பட்டது. கட்டுவதற்கு மலைப்பான வேலை. ஆனால் சீரான ஓட்டத்துக்கு அதன் அழுத்தக் கணக்கை ஒரு முழுநீளத் தாளில் போட்டுவிடலாம், ஏனென்றால் தண்ணீர் போக ஒரே வழிதான். அதே சென்னையில் நெருக்கமான ஒரு வார்டின் நாலு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக்கூட கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். கடினம் நீளத்தில் இல்லை, ஒரே இடத்துக்குத் தண்ணீர் இரண்டு வழியாகப் போய்ச்சேரும் வளையத்தில் இருக்கிறது.

வளையங்களை எண்ணுவது எளிது. ஒரு தொட்டிப் பகுதியில் 820 குழாய்களும், தொட்டியையும் சேர்த்து 775 சந்திகளும் (குழாய்கள் சேரும் அல்லது முடியும் புள்ளிகள்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். 820 − 775 + 1 = 46 வளையங்கள். வளையத்துக்கு ஒரு குழாயாக 46-ஐ எடுத்துவிட்டால், மீதி எல்லாம் மரக்கிளை போலப் பிரிந்து போகும் குழாய்கள்தான். 820 குழாய்ப் பிரச்சினை என்று பயந்தது உண்மையில் 46 வளையப் பிரச்சினை. உங்கள் 7 தொட்டிப் பகுதிகளுக்கும் தனித்தனியே இந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எங்கே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இந்த வளையங்களைக் கையால் தீர்க்கும் வழியை 1936-இல் வெளியிட்டவர் ஹார்டி கிராஸ். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியர். ஒவ்வொரு வளையத்திலும் ஓட்டத்தை உத்தேசமாக வைத்து, வளையத்தைச் சுற்றிவந்தால் அழுத்த இழப்பு பூஜ்யமாக வர வேண்டும் என்ற விதியை வைத்துத் திருத்திக்கொண்டே போவது அவர் முறை. அந்தக் காலத்தில் 46 வளையங்களைக் கையால் போட்டால் நாள்கணக்கில் ஆகும். அதனால் எளிமையாக்குவது அவர்களுக்குக் கட்டாயமாக இருந்தது. பிறகு மக்கில்ராய் என்பவர் அமெரிக்காவில் குழாய் வலையை மின்சுற்றாகவே கட்டினார். ஒவ்வொரு குழாய்க்கும் பதிலாகத் தனியாகச் செய்த ஒரு டங்ஸ்டன் விளக்கு. மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவு, தண்ணீர் ஓட்டத்துக்கும் உராய்வுக்கும் உள்ள உறவைப் போலவே அமையும்படி செய்த விளக்கு. எங்கே உராய்வு இழப்பு அதிகமோ அங்கே விளக்கு பிரகாசமாக எரியும். பொறியாளர் அறைக்குள் நுழைந்ததும் ஊரின் நெருக்கடி எங்கே என்று வெளிச்சத்திலேயே கண்டுகொள்வார். நாம் எளிமையாக்கி அடைய நினைப்பதும் அதே பார்வையைத்தான். 1980களின் இறுதியில் டோடினியும் பிலாட்டியும் தந்த முறை வளையம், சந்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தீர்த்தது. ஈபாநெட்டின் உள்ளே ஓடுவது அந்த முறைதான்.

இனி வேலைக்கு வருவோம். வெட்டுவதற்கு முன் துப்புரவு. ஜி.ஐ.எஸ். கோட்டில் இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று தொடுவது போலத் தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால் முனைக்கும் முனைக்கும் பத்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். மென்பொருளுக்கு அந்தத் தெரு தொட்டியோடு சேரவே இல்லை. மறுபுறம், மேலும் கீழுமாகக் குறுக்கே போகும் இரண்டு குழாய்கள் சந்தித்ததாகத் தவறாக இணைந்திருக்கும். உங்கள் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி இவையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதைச் சரிசெய்யாமல் எளிமையாக்கினால் தவறும் சேர்ந்து சுருங்கி உள்ளே ஒளிந்துகொள்ளும்.

துப்புரவு முடிந்ததும் கிளைகளை வெட்டுங்கள். முட்டுச்சந்தின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி, அந்தச் சந்தியின் தேவையை (அங்கே எடுக்கும் தண்ணீரின் அளவை) அதற்கு முந்திய சந்தியில் சேர்த்துவிட்டுக் குழாயை நீக்குவது. இப்படியே உள்நோக்கி வந்துகொண்டே இருந்தால் வளையங்கள் மட்டும் மிஞ்சும். இதில் வளையத்துக்கு எந்தப் பிழையும் வராது. கிளையில் போகும் ஓட்டம் எப்படியும் நிச்சயமானது, அதன் தேவைகளின் கூட்டுத்தொகைதான். வளையத்தைத் தீர்த்த பிறகு, கிளைகளில் உள்ள அழுத்தத்தை மேலிருந்து கீழே ஒரே நடையில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்தத் திரும்பும் நடையைப் பலர் செய்வதில்லை. அங்கேதான் கடைமடை மக்கள் கணக்கிலிருந்து விடுபடுகிறார்கள். ஒரு தெருவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 400 மீட்டர் நீளம், 100 மி.மீ. குழாய், ஹேசன்–வில்லியம்ஸ் கெழு 100 (குழாயின் வழவழப்பைக் குறிக்கும் எண், அது குறைந்தால் உராய்வு கூடும்). நுழைவில் நொடிக்கு 5 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், உச்சநேரப் பெருக்கம் (உச்சநேர ஓட்டம் சராசரியைப்போல எத்தனை மடங்கு என்பது) 3 என்று வைத்தால், சந்துகளோடு சேர்த்துச் சுமார் 1,070 பேர் குடிக்கும் தண்ணீர். அந்த 5 லிட்டரும் கடைசிவரை போனால் உராய்வு இழப்பு சுமார் 3.4 மீட்டர் (அழுத்தத்தை நீர் நிற்கும் உயரமாக மீட்டரில் சொல்கிறோம்). ஆனால் வழிநெடுக வீடுகள் எடுத்துக்கொண்டே போவதால் உண்மையான இழப்பு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 1.2 மீட்டர். மாதிரியில் நாம் வழக்கமாகச் செய்வது போல, தேவையைப் பாதி பாதியாக இரு முனைகளிலும் வைத்தால் 0.95 மீட்டர்தான் காட்டும். ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

கால் மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். நுழைவில் 9.6 மீட்டர் அழுத்தம், தெருவின் கடைசி 1.5 மீட்டர் மேட்டில் இருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் கடைசி வீட்டில் 6.9 மீட்டர். பாதிப் பாதிக் கணக்கில் 7.15 மீட்டர். மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு ஒரே தளமுள்ள கட்டடத்துக்குக் கேட்ட குறைந்தபட்சம் 7 மீட்டர். அறிக்கையில் தேறிவிட்ட தெருவில் உண்மையில் தண்ணீர் போதாது. நுழைவுச் சந்தியை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் 9 மீட்டருக்கு மேல்" என்று எழுதினால் இன்னும் மோசம். அதனால் வெட்டிய ஒவ்வொரு கிளைக்கும் அதன் மிக மேடான வீட்டையும் மிகத் தொலைவான வீட்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தொடராகவும் இணையாகவும் உள்ள குழாய்களை ஒன்றாக்குவது. 200 மி.மீ. குழாய் 300 மீட்டர், அதைத் தொடர்ந்து 150 மி.மீ. குழாய் 200 மீட்டர், நடுவில் இணைப்பு எதுவும் இல்லை. கெழு ஒன்றேயானால் இரண்டும் சேர்ந்து 274 மீட்டர் நீளமுள்ள ஒரே 150 மி.மீ. குழாய்க்குச் சமம். பெரிய குழாயின் 300 மீட்டர் உராய்வில் சிறிய குழாயின் 74 மீட்டருக்குத்தான் ஈடு. இணையாக ஓடும் 150-ம் 200-ம் அதே நீளத்தில் ஏறத்தாழ 231 மி.மீ. கொண்ட ஒரு கற்பனைக் குழாய்க்குச் சமம். ஹேசன்–வில்லியம்ஸ் வாய்பாட்டில் எல்லாக் குழாய்க்கும் அடுக்குக்குறி ஒன்றே என்பதால், ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் இந்தச் சமன் மாறாது. நடுவில் ஒரு வீட்டிணைப்புக் கூட்டம் இருந்தால்தான் பிழை நுழையும்.

வளையங்களே மிக அதிகமாக இருந்து இன்னும் சுருக்க வேண்டுமென்றால் கணித வழி ஒன்று உண்டு. உலானிக்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1996-இல் தந்தது. ஒரு குறிப்பிட்ட நேரத்து ஓட்டத்தில் வலையை நேர்கோட்டுச் சமன்பாடுகளாக மாற்றி, வேண்டாத சந்திகளை ஒவ்வொன்றாக நீக்கி, மறுபடி குழாய் வடிவத்துக்குக் கொண்டுவருவது. நீக்கிய சந்தியின் தேவை பக்கத்துச் சந்திகளுக்கு அவற்றின் குழாய் எவ்வளவு தாராளமாகத் தண்ணீர் விடுமோ அந்த விகிதத்தில் பிரியும். நிகழ்நேரக் கட்டுப்பாட்டுக்கும் உகப்பாக்கத்துக்கும் அருமையானது. உங்கள் வேலைக்கு இது தேவைப்படாது. அதில் வரும் குழாய்கள் எதுவும் தெருவில் இருக்காது, வால்வைத் திறப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டவும் முடியாது.

இப்போது உங்கள் 150 மி.மீ. கேள்வி. ஒரே இரு முனைகளுக்கிடையே 300 மி.மீ. குழாயும் அதே நீளத்தில் 100 மி.மீ. குழாயும் ஓடினால், சிறியது சுமப்பது பெரியதில் 5.6 சதவீதம்தான். அதை நீக்கினால் ஊருக்கு ஒன்றும் ஆகாது. அளவை வைத்து வெட்டுகிறவர்களின் நியாயம் இதுதான், இந்த இடத்தில் அது சரியே. ஆனால் அதே 100 மி.மீ. குழாய் இரண்டு பகுதிகளை இணைக்கும் ஒரே பாலமாக இருந்தால்? மேட்டுத்தெருவுக்குப் போகும் ஒரே வழியாக இருந்தால்? அளவு ஒன்றுதான், பொறுப்பு வேறு. நான் வேலை பார்த்த ஒரு ஊரில், வெகுநாளைக்கு முன் அவசரத்துக்குப் போட்ட 90 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்று இரண்டு தொட்டிகளின் பகுதிகளை ஒரு ரயில்வே கேட் அருகே இணைத்திருந்தது. எங்கள் முதல் மாதிரியில் அதை நானே நீக்கியிருந்தேன். இரவில் ஒரு தொட்டி நிரம்பி வழிய, இன்னொன்று நிரம்பாமலே இருந்ததற்கு மூன்று வாரம் காரணம் தேடினோம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-இல் கிருமிநீக்கத்தால் உண்டாகும் துணைப்பொருள்கள் பற்றிய விதியோடு, எளிமையாக்கிய மாதிரி எவ்வளவு விவரமாக இருக்க வேண்டும் என்பதையும் வரையறுத்தது. மொத்த நீளத்தில் குறைந்தது பாதி, மொத்தக் கொள்ளளவில் முக்கால் பங்கு, 12 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாக் குழாய்களும் இருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. பகுதிகளை இணைக்கும் 8 அங்குலக் குழாய்களும், ஒதுக்குப்புறங்களை இணைக்கும் 6 அங்குலக் குழாய்களும், இயங்கும் பம்பு நிலையங்களும், ஓட்டத்தைப் பாதிக்கும் கட்டுப்பாட்டு வால்வுகளும் இருக்க வேண்டும் என்றது. சிறிய குழாய்க்கு அளவைக் கேட்காமல் வேலையைக் கேட்கிறார்கள், கவனியுங்கள். நம் ஊர்களில் குழாய்கள் இன்னும் சிறியவை. எண்களை அப்படியே எடுக்காமல் அந்த எண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் எதிர்மறை அழுத்தம். உங்கள் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாளோ, தினமும் இரண்டு மணி நேரமோதான் தண்ணீர் விடுவார்கள் என்று ஊகிக்கிறேன். நாள் முழுவதற்குமான தண்ணீர் 2 மணி நேரத்தில் போகிறது என்றால் சராசரி ஓட்டத்தைப்போல 12 மடங்கு. உராய்வு இழப்பு ஓட்டத்தின் 1.85 அடுக்கில் ஏறுவதால் அது ஏறத்தாழ 100 மடங்கு ஆகிறது. உச்சநேரப் பெருக்கம் 3 என்று வடிவமைத்த குழாயில்கூட, வடிவமைப்பில் எதிர்பார்த்த இழப்பைப்போல 13 மடங்கு. இந்தத் தேவையைச் சந்திகளில் எழுதி "கொடுத்தே தீர வேண்டும்" என்று மென்பொருளிடம் சொன்னால், அது கொடுத்துவிட்டு எதிர்மறை அழுத்தத்தைக் காட்டும். உண்மையில் அங்கே தண்ணீர் வராது, அவ்வளவுதான். முன்பகுதி வீடுகளின் தரைமட்டத் தொட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடைத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும், கடைமடையில் குழாய் காற்றை ஊதும்.

எந்தக் குழாயை நீக்கினாலும் இது தீராது. 2020-இல் வந்த ஈபாநெட் 2.2-இல் அழுத்தத்தைச் சார்ந்த தேவை என்ற வசதி இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் தேவையும் குறையும்படி கணக்கிடும். அதைப் பயன்படுத்துங்கள். இன்னும் நல்ல வழி, ஒரு தெருவின் வீட்டுத் தொட்டிகள் அனைத்தையும் சேர்த்து ஒரே தொட்டியாக அந்தச் சந்தியில் வைப்பது. அதுவும் எளிமையாக்கல்தான், நம் ஊர் உண்மைக்கு நெருக்கமான எளிமையாக்கல். எந்தத் தெரு எத்தனை மணிக்கு நிரம்பும், கடைசித் தெருவுக்கு எப்போது முறை வரும் என்று அது காட்டும்.

இரண்டு வேலைகளுக்கு மட்டும் சுருக்கிய மாதிரியைத் தொடாதீர்கள். ஒன்று குளோரின். 200 மீட்டர் நீளமுள்ள 100 மி.மீ. முட்டுச்சந்துக் குழாயில் 1,570 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதன் முனையில் உள்ள நாலு வீடுகள் சேர்ந்து நாளொன்றுக்கு 2,000 லிட்டர் எடுத்தால், அங்கே தண்ணீர் வந்துசேர ஏறத்தாழ 19 மணி நேரம், அதற்குள் குளோரின் தேய்ந்துவிடும். நாம் முதலில் வெட்டி எறிவது இந்தக் குழாயைத்தான். கற்பனைச் சமக்குழாயிலும் கொள்ளளவு உண்மையானதல்ல, ஆகவே நேரமும் தவறு. இன்னொன்று, பம்பு திடீரென நின்றால் வரும் நீர் அதிர்ச்சி. அழுத்த அலை முட்டுச்சந்தின் மூடிய முனையில் மோதி இரட்டிப்பாகத் திரும்பும். கிளையை வெட்டிய மாதிரிக்கு அந்த முனை இருப்பதே தெரியாது.

சுருக்கியதைச் சரிபார்ப்பது சுருக்குவதைவிட முக்கியம். முழு மாதிரியையும் சுருக்கிய மாதிரியையும் உச்சநேரம், நள்ளிரவு, பெரிய குழாய் ஒன்று உடைந்த நிலை ஆகிய மூன்றிலும் ஓட்டி, மிஞ்சிய சந்திகளின் அழுத்தத்தையும் 24 மணி நேரத் தொட்டி மட்டத்தையும் ஒப்பிடுங்கள். உச்சநேரத்தில் மட்டும் ஒத்துப்போவது போதாது. ஓட்டத் திசை மாறும் நேரத்தில்தான் தவறான வெட்டு வெளியே தெரியும்.

அதற்குப் பிறகு தெருவுக்குப் போங்கள். ஒரு ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டுக் குழாயில் அழுத்த அளவியைத் திருகினோம். முழு மாதிரி, சுருக்கிய மாதிரி இரண்டும் 11 மீட்டர் என்றன. அளவியின் முள் 3-ல் நின்று நடுங்கியது. அந்த வீட்டு அம்மா, "மெயின் ரோட்டுக்கு தார் போட்டதுல இருந்து இப்படித்தான் வருது தம்பி" என்றார். கெழுவைக் குறைத்துக் கணக்கை அளவியோடு பொருத்தியிருக்கலாம், அதற்கான வசதி மென்பொருளில் இருக்கிறது. ஆனால் 11-ஐ 3 ஆக்க, பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்கு 80, 100 என்று வைக்கும் கெழுவை 40-க்குக் கீழே இறக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு குழாய் அங்கே இல்லை. டேங்க் ஆபரேட்டரை அழைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்ன சாலையைத் தோண்டினோம். தாருக்கு அடியில் வால்வுக் குழி புதைந்திருந்தது, வால்வு முக்கால்வாசி மூடிக் கிடந்தது. சுருக்கிய மாதிரியில் அந்தப் பாதையில் மிஞ்சியது 9 குழாய்கள்தான். அதனால்தான் தோண்ட வேண்டிய இடத்தை ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆகவே 7 பகுதிகளையும் ஒன்றாகத் தொடாதீர்கள். புகார் அதிகமாக வரும் ஒரு தொட்டியை எடுங்கள். அதன் எல்லையில் உள்ள வால்வுகள் உண்மையாகவே மூடியிருக்கின்றனவா என்று ஓர் இரவு நேரில் போய்ப் பாருங்கள். பிறகு இணைப்புப் பிழைகளைத் திருத்துங்கள், வளையங்களை எண்ணுங்கள், கிளைகளை வெட்டுங்கள். தொட்டியின் வெளிக்குழாயில் ஓட்டமானி இல்லையென்றால், தண்ணீர் ஏற்றாத நேரத்தில் தொட்டி மட்டம் எத்தனை நிமிடத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளந்தாலே ஓட்டம் கிடைத்துவிடும். அந்த எண்ணும், கடைமடையில் இரண்டு இடத்து அழுத்தமும் கையில் இருந்தால் முதல் பகுதிக்கான வேலையைத் தொடங்கிவிடலாம்.